விற்பவர் சொல்லாமல் விட்டது

எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு கரையுமே தவிர நுரை எழும்பாது. பள்ளிச் சீருடையின் வெள்ளைச் சட்டை ஆறே மாதத்தில் பழுப்பேறிவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்புபோல் படிவு கட்டும். மேற்கே மலைப் பக்கம் கருத்தால் ஆச்சி முற்றத்தில் அண்டாவை வைத்துவிடுவார். மழை நீரில்தான் தலை அலசுவார். தளவாய்புரத்தில் இத்தொல்லை எங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை இதழைப் படிக்கும் பெற்றோர் அறிவர்.

கடந்த கோடையில் நீரை மென்மையாக்கும் சாதனம், அதாவது வாட்டர் சாப்ட்னர், வாங்குவதென்று அப்பா முடிவு செய்தார். இரண்டு விற்பனையாளர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். ஒருவர் மற்றவரின் பொருளைக் குறை கூறினார். இவர் விலையைக் குறைக்க, அவர் மேலும் குறைத்தார். போட்டி இருந்தால் வாங்குபவருக்கு ஆதாயம் என்று பாடத்தில் படித்தது மெய்தான் என மகிழ்ந்தோம். ஆனால் இந்தச் சாதனம் நீரில் எதைச் சேர்க்கிறது என்று அம்மா கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்பதே இருவரின் பதிலும்.

நிற்க. அந்த வாரம் அறிவியல் மன்றத்தில் படிப்பதற்காக விமானங்களைப் பற்றி ஒரு கட்டுரை தயாரித்துக்கொண்டிருந்தோம். பெரிய பயணி விமானங்களைச் செய்வதில் உலகில் முன்னிற்பவை இரண்டு: அமெரிக்காவின் போயிங், ஐரோப்பாவின் ஏர்பஸ். 2010 டிசம்பரில் ஏர்பஸ், தன் ஏ320 விமானத்தில் எரிபொருள் குறைவாகச் செலவாகும் புதிய எஞ்சின்களைப் பொருத்தப்போவதாக அறிவித்தது. 2011 ஜூலையில், போயிங்கின் நெடுநாள் வாடிக்கையாளரான அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 260 ஏர்பஸ் விமானங்களை வாங்க முன்வந்தது. முற்றிலும் புதியதோர் விமானம் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த போயிங் அந்த எண்ணத்தை விட்டு, 1960களிலிருந்து பறந்துவரும் 737 விமானத்திலேயே பெரிய எஞ்சினை மாட்டத் துணிந்தது. அதுதான் 737 மேக்ஸ்.

பெரிய எஞ்சினை முன்னே தள்ளி உயர்த்தி வைத்ததால், சில நிலைகளில் விமானத்தின் மூக்கு மேல்நோக்கி எழும் இயல்பு வந்தது. அதைத் தானாகவே கீழே அழுத்துவதற்கு ஒரு கணினி ஏற்பாட்டைச் சேர்த்தனர். அது ஒரே ஓர் உணர்கருவியின் சொல்லை நம்பி இயங்கியது. விமானிகளின் கையேட்டிலோ அதைப் பற்றிய விளக்கமில்லை. புதிய பயிற்சி அதிகம் வேண்டியதில்லை என்று சொன்னால் விற்பது எளிதல்லவா! 2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவில் 189 பேரும், 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவில் 157 பேரும் மாண்டனர். அதன் பிறகே அவ்விமானங்கள் உலகெங்கும் தரையில் நிறுத்தப்பட்டன. திருத்தங்கள் செய்யப்பட்டு, நம் நாட்டில் அவை மீண்டும் பறக்க அனுமதி கிடைத்தது 2021 ஆகஸ்டில்.

போட்டி தீது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா வாங்குவதாக அறிவித்த 470 விமானங்களில் 250 ஏர்பஸ், 220 போயிங். ஒரே ஒரு தயாரிப்பாளர்தான் இருந்தால் விலை பேசத்தான் முடியுமா? ஆனால் போட்டியின் கண் விலையின் மீதும் வேகத்தின் மீதும்தான் இருக்கிறது. வாங்குபவர் கேளாத கேள்விக்கு அது தானாக விடை தருவதில்லை. சில வேளை கேட்டாலும் தருவதில்லை. விமானத்தையும் குளியலறைக் குழாயையும் ஒப்பிடுவதா என்று தோழியர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

வேதியியல் ஆசிரியையிடம் கேட்டோம். சாதனத்தின் உள்ளே மணல்போன்ற பிசின் மணிகள் இருக்கின்றன. நீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அவை பிடித்துக்கொண்டு, ஈடாகச் சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசலால் கழுவினால் மீண்டும் பயன்படும். ஆகவே நுரை வருமே தவிர நீரின் உவர்ப்பு போகாது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கினால் 46 மில்லிகிராம் சோடியம் சேரும். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை 200 மில்லிகிராம்; வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். அந்த 600ஐயும் நீக்கினால் லிட்டருக்கு 276 மில்லிகிராம் சோடியம் கூடும். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்ணும் எங்கள் ஆச்சியை உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்!

எனவே முதலில் நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்தோம். பிறகு அவ்விருவரையும் மீண்டும் அழைத்தோம். இம்முறை விலையைப் பற்றிப் பேச்சில்லை. சமையலறைக் குழாயைத் தனியே விட்டுவிட்டுக் குளியலறைக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும் மட்டும் இணைப்புத் தருவீர்களா என்று கேட்டோம். முதலாமவர் தலையைச் சொறிந்தார். இரண்டாமவர் சம்மதித்தார், கூடுதலாக ஒரு குழாய் செலவாயிற்று. இப்போது சட்டை வெளுக்கிறது, ஆச்சியின் காப்பிக்குப் பழைய நீரேதான்.

மணிகளைக் கழுவிய உப்பு நீரை எங்கே விடுவது என்பதுதான் மிச்சம். முருங்கை மரத்தடியில் விட்டால் மரம் பட்டுவிடும். தெருச் சாக்கடையில் விடச் சொன்னார் பொருத்த வந்தவர். அங்கிருந்து அது எந்தக் கிணற்றுக்குப் போகும் என்று கேட்டோம். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார்.