பெர்மனென்ட் என்னும் பெயரடை

குன்றத்தூர்ப் பக்கத்து மாணவர்கள் பிழையின்றிப் பயன்படுத்துகிற, ஆனால் கல்லூரியில் நாங்கள் யாரும் கற்றுக்கொடுக்காத ஆங்கிலப் பெயரடை ஒன்று உண்டு. அது 'பெர்மனென்ட்'. அகராதியைத் திறந்தால் நிலையான, நிரந்தரமான, என்றுமுள்ள என்று பொருள் கிடைக்கும். ஆங்கிலத் துறையினர் அதோடு நிறுத்திக்கொள்வர். தமிழ்த் துறையினராகிய நாங்களோ அது எங்கள் சரக்கன்று என்று விட்டுவிடுவோம். இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் ஆளேற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகள் விடியுமுன்னே ஓடத் தொடங்கிவிடுகிற இந்தப் பகுதியில், எங்கள் மாணவர்களின் அண்ணன்மாரும் அக்காமாரும் அச்சொல்லின் பொருளை ஆலை வாசலில் கற்றுக்கொண்டு வருகிறார்கள். பெண் பார்க்க வரும் குடும்பத்தார் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே 'பெர்மனென்ட்டா?' என்று கேட்கிறார்கள். கடன் கேட்டுப் போகிற இடத்திலும் அதே கேள்விதான். இத்தனை கனம் தாங்குகிற ஒரு சொல் மொழி வகுப்புக்குள் நுழையாமலே இருப்பது நமக்குச் சரியென்று தோன்றவில்லை.

முதலில் இலக்கணம். தமிழுக்குள் வந்ததும் இச்சொல் பெயரடையாக நிற்பதில்லை. ஆங்கில வாக்கியத்தில் எழுவாயையும் பெயரடையையும் இணைக்க 'இஸ்' என்றொரு வினை வேண்டும். தமிழுக்கு அது வேண்டாம். 'எங்க அண்ணன் பெர்மனென்ட்' என்றால் வாக்கியம் முடிந்தது. பிறகு அது வினையையும் சேர்த்துக்கொள்கிறது: 'பெர்மனென்ட் ஆயிட்டார்', 'பெர்மனென்ட் பண்ணிட்டாங்க'. அடுத்து பன்மை விகுதியும் ஏறுகிறது: 'பெர்மனென்ட்டுங்க ஒரு பக்கம், கான்ட்ராக்ட்டுங்க ஒரு பக்கம்.' பண்பைக் குறித்த சொல் அப்பண்பை உடைய ஆளுக்கே பெயராகிவிட்டது. பண்பாகுபெயருக்கு 'வெள்ளை அடித்தான்' என்பதைத் தாண்டி எடுத்துக்காட்டுத் தேடி அலைகிற எங்களுக்கு, கைக்கெட்டிய தூரத்தில் இப்படியொன்று கிடக்கிறது.

இதே குன்றத்தூரில் பிறந்தவர் சேக்கிழார். அவர் பாடிய அடியார்களுள் திருநீலகண்டர் குயவர், திருக்குறிப்புத்தொண்டர் வண்ணார், நேசர் நெசவாளர், கலியர் செக்காட்டி எண்ணெய் எடுப்பவர், அதிபத்தர் மீனவர். செய்த தொழிலே ஆளுக்கு அடையாளமாக இருந்தது. இன்றைய ஆலையில் ஒருவர் வெல்டிங் செய்கிறாரா, பெயின்ட் அடிக்கிறாரா என்பது இரண்டாம் பட்சம். அவர் எந்த வகை ஆள் என்பதே முதலில் தெரியவேண்டியிருக்கிறது. பல ஆலைகளில் அதைச் சீருடையின் நிறமோ அடையாள அட்டைக் கயிற்றின் நிறமோ சொல்லிவிடும்.

'வேலைதான் பெர்மனென்ட், மனிதன் பெர்மனென்ட் ஆக முடியாது' என்று சில ஆங்கில ஆசிரியர்கள் மாணவர்களைத் திருத்துவதுண்டு. அந்தத் திருத்தம் தேவையற்றது. 1946ஆம் ஆண்டின் தொழிற்சாலை நிலையாணைகள் சட்டத்தையொட்டி எழுந்த மாதிரி ஆணைகளே தொழிலாளரைப் பெர்மனென்ட், புரொபேஷனர், பத்லி, டெம்பரவரி, கேஷுவல், அப்ரண்டிஸ் என்று வகுத்து, அந்த அடைகளை ஆளின் மீதுதான் ஏற்றின. மாணவர்களின் வழக்கு சட்டத்தின் வழக்கையே ஒட்டியிருக்கிறது.

சொற்பிறப்பைப் பார்த்தால் இன்னும் சுவையானது. ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'பெர்' என்பது ஊடாக, முடிவுவரை என்று பொருள்படும் முன்னொட்டு. 'மனேரே' என்பது தங்குதல். இறுதிவரை தங்குவது பெர்மனென்ட். 'ரிமெய்ன்' என்னும் வினையும், தங்குமிடமாகிய 'மேன்ஷன்' என்னும் பெயரும் இதே வேரின் பிள்ளைகள். இதற்கு ஈடாக நாம் வழங்கும் 'நிரந்தரம்' வடமொழிச் சொல். 'நிர்' என்றால் இல்லாதது, 'அந்தரம்' என்றால் இடைவெளி. ஆக, ஆங்கிலச் சொல் முடிவைப் பார்க்கிறது, நம் கையிலுள்ள சொல் நடுவைப் பார்க்கிறது. கடைசிவரை இருக்குமா என்று கேட்பது ஒன்று. நடுவில் அறுபடாமல் இருந்ததா என்று கேட்பது மற்றொன்று. ஆலைத் தொழிலாளியின் வாழ்க்கை இந்த இரண்டாவது கேள்வியில்தான் சிக்கிக் கிடக்கிறது.

ஏனென்றால் தமிழ்நாட்டில் 'பெர்மனென்ட்' என்பதற்குச் சட்டப்படி ஓர் எண் உண்டு. தொழில் நிறுவனங்களில் தொழிலாளருக்கு நிரந்தரத் தகுதி வழங்குவதற்கென்று 1981இல் இம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. இருபத்துநான்கு நாட்காட்டி மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ச்சியாகப் பணியில் இருந்த தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. தொடர்ச்சி என்றால் என்ன என்பதையும் அதுவே விளக்குகிறது: இடையறாத பணி. நோய், அனுமதி பெற்ற விடுப்பு, விபத்து, சட்டத்துக்குப் புறம்பாகாத வேலைநிறுத்தம், கதவடைப்பு ஆகியவற்றால் நேரும் தடை இடையறவாகக் கொள்ளப்படாது. ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதுகிறவன் எந்தெந்த விலக்குகளை யோசிக்க வேண்டுமோ அவற்றையெல்லாம் இச்சட்டத்தை வரைந்தவர்கள் யோசித்திருக்கிறார்கள். ஒரு பெயரடைக்கு இதைவிடத் தெளிவான உரை எழுதிய உரையாசிரியர் எவரையும் நாம் அறியோம்.

சட்டம் அந்தரத்தை விலக்கியது. நடைமுறை அந்தரத்தைத் தேடித் தேடி நுழைத்தது. சில மாதங்கள் ஆனதும் 'பிரேக்' கொடுத்து அனுப்பிவிட்டு மறுபடி எடுத்துக்கொள்வது ஒரு வழி. ஒப்பந்ததாரரின் பெயரை மாற்றிவிட்டு, ஆளும் இயந்திரமும் வேலையும் அப்படியே இருக்க, கணக்கை மட்டும் முதலிலிருந்து தொடங்குவது இன்னொரு வழி. பயிலுநர் என்று பெயரிட்டுவிட்டால் கணக்கே இல்லை. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் பயிலுநரைத் தொழிலாளர் என்று கொள்வதில்லை. தொழிலாளர் வழக்குகளில் இவை திரும்பத் திரும்பப் பேசப்பட்டவைதாம். வீட்டில் 'பிரேக்ல இருக்கான்' என்று சொல்கிறபோது அது ஓய்வு போலவே காதில் விழுகிறது. உண்மையில் அங்கே ஒரு சொல்லின் முன்னொட்டு பிடுங்கப்படுகிறது. நிரந்தரத்திலிருந்து 'நிர்' போய் அந்தரம் மட்டும் எஞ்சுகிறது. அந்தரத்தில் நிற்பது என்று நாம் பேச்சில் சொல்வது இதற்கு எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது!

இச்சொல் இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1802இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை மாகாணத்தில் 'பெர்மனென்ட் செட்டில்மென்ட்' என்னும் நிலவரி ஏற்பாட்டுக்கு ஒழுங்காணை பிறப்பித்தனர். சாசுவத நிலவரி என்பது அதன் தமிழ்ப் பெயர். குன்றத்தூரை உள்ளடக்கிய செங்கற்பட்டுச் சீமையும் அதன்கீழ் மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விடப்பட்டது. வரி மாறாது, மிட்டாதாரரின் உரிமையும் மாறாது என்பது பேச்சு. ஆனால் வரி கட்டமுடியாமல் பல மிட்டாக்கள் சில ஆண்டுகளிலேயே கைமாறின, அல்லது அரசிடமே திரும்பின. மாகாணத்தில் மிச்சமிருந்த ஜமீன்களையும் 1948ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டம் முடித்துவைத்தது. சாசுவதத்தின் ஆயுள் ஒன்றரை நூற்றாண்டுகூட இல்லை.

நம் காலத்துச் சாசுவதம் இன்னும் குறுகியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பர் 1இல் மூடப்பட்டது. அங்கே பெர்மனென்ட் ஆகியிருந்தவர்கள் இருபதுகளின் நடுவில் விருப்ப ஓய்வு பெற்று வெளியேறினார்கள். அவர்களில் இளம்பெண்கள் மிகுதி. 'விருப்ப' என்னும் அடையைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். அகராதி சொல்லும் 'என்றுமுள்ள' என்னும் பொருள் அந்தப் பெண்களுக்கு எட்டாண்டுகூட நிற்கவில்லை. ஆனாலும் அவர்கள் பெர்மனென்ட் ஆனது வீண் என்று சொல்ல மாட்டோம். ஆலை மூடுகிறபோது பேரம் பேச உட்கார முடிந்ததும், ஒரு தொகையைக் கையில் வாங்க முடிந்ததும் அந்த அடையின் வலுவினால்தான். இங்கே அச்சொல்லுக்கு என்றுமிருத்தல் என்று பொருளில்லை. 'நாளை வராதே' என்று ஒரு வாய்ச்சொல்லால் அனுப்பிவிட முடியாத ஆள் என்பதே பொருள். எந்த அகராதியும் இப்படி எழுதாது. மாணவர்களுக்கோ இது தெரிந்திருக்கிறது.

இவ்விடத்தில் தமிழாசிரியர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாங்கள் நிலையாமையை நடத்துகிறவர்கள். திருக்குறளின் 34ஆம் அதிகாரம் அதன் பெயரையே தாங்கியது. நாலடியாரின் முதல் மூன்று அதிகாரங்களும் செல்வம், இளமை, யாக்கை ஆகியவற்றின் நிலையாமை. தொல்காப்பியம் அதற்கென்றே காஞ்சித் திணையை ஒதுக்கியது. அந்த வகுப்பை முடித்துவிட்டு வெளியே வருகிற மாணவன் வேலை பற்றிக் கவலைப்பட்டால், 'உலகத்தில் எதுதான்பா பெர்மனென்ட்?' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிற வழக்கம் ஆசிரியர் அறைகளில் உண்டு. இது இலக்கியத்தைத் தவறான முகவரிக்கு அனுப்புவது. வள்ளுவர் நிலையாமையைத் துறவறவியலில் வைத்தார். இல்லறத்தானுக்கு அதைப் பாடமாக்கவில்லை. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியை யாருக்குப் பாடினார்? தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு. வென்றவனுக்கும் குவித்தவனுக்கும் சொல்லவேண்டிய செய்தி அது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியே நிறுத்தப்படுகிறவனிடம் போய் நிலையாமையை உபதேசிப்பது புலவரின் நோக்கத்துக்கே மாறானது. அவனைவிட நன்றாக அதை அறிந்தவர் எவரும் இல்லை.

இன்னொரு தரப்பு உண்டு. பெர்மனென்ட் என்பதை விலக்கி 'நிலைப்பணியாளர்' என்று வழங்கவேண்டும் என்பார்கள். நல்ல ஆக்கந்தான். அரசு அலுவலகத் தமிழ் இத்துறையில் நல்ல சொற்கள் பலவற்றை முன்பே தந்திருக்கிறது. புரொபேஷனுக்குத் 'தகுதிகாண் பருவம்' என்பதைவிட அழகாகச் சொல்ல முடியாது. பணியை முறைப்படுத்துதலுக்குப் 'பணி வரன்முறை' இருக்கிறது. ஆனால் சொல்லை மாற்றுவதற்கு முன் சொற்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் கற்றுக்கொடுக்க வேண்டும். 'ரெகுலர்' ஆனவர் 'பெர்மனென்ட்' ஆனவர் என்று நினைத்துக்கொண்டிருப்போர் பலர். இரண்டும் ஒன்றல்ல, வரன்முறை என்பது நிரந்தரத்தைக் குறிக்காது என்பதை உச்ச நீதிமன்றம் 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கின் தீர்ப்பில், தன் பழைய தீர்ப்புகளையும் எடுத்துக்காட்டி வலியுறுத்தியது. தற்காலிகமாக நியமிக்கப்பட்டோர் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்றும் அத்தீர்ப்பு சொன்னது. பல்லாண்டு உழைத்தவர்களைத் தற்காலிகம் என்னும் பெயரைக் காட்டியே வெளியேற்ற அது கருவியாக்கப்பட்டதை, 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் அதே நீதிமன்றம் கடிந்துகொண்டது. இரண்டு பெயரடைகளின் பொருள் வேறுபாட்டின் மீது எத்தனை குடும்பங்களின் அடுப்பு எரிகிறது என்று பார்க்க வேண்டும்.

'பெரன்னியல்' என்று மற்றொரு அடை. இதுவும் 'பெர்' என்றே தொடங்கும்; ஆண்டு முழுவதும் ஓடுவது என்று பொருள். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒரு பணியில் ஒப்பந்த முறையைத் தடைசெய்யலாமா என்று முடிவெடுக்கையில் அப்பணி பெரன்னியல் தன்மை உடையதா என்று பார்க்கச் சொன்னது. வேலை வற்றாத ஆறு, வேலை செய்கிறவன் மட்டும் கோடை மழை என்பதுதான் நடப்பு. எங்கள் வீட்டுக் கதையும் வேறில்லை. அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ்ப் பாடம் ஆண்டுதோறும் உண்டு. அதை நடத்துவோரில் பலர் 'கௌரவ விரிவுரையாளர்'. மே மாதச் சம்பளம் கிடையாது என்பது அவர்களது நெடுநாள் முறையீடு. அங்கேயும் ஓர் அந்தரம். முன்னால் கௌரவம் என்றோர் அடை.

இப்போது புதிதாய் வந்திருப்பது 'ஃபிக்ஸட்'. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம், காலவரையறை வகுத்த வேலையை ஃபிக்ஸட் டெர்ம் என்று வரையறுக்கிறது. ஃபிக்ஸட் என்பதற்கு அகராதியில் கிடைக்கிற முதல் பொருள் 'நிலையான'. அதையே எடுத்துப் போட்டு 'நிலையான கால வேலை' என்று பெயர்த்தால், முடிவுநாள் எழுதிக் கொடுக்கப்பட்ட வேலை நிலையான வேலையாகத் தோற்றங் காட்டும். 'குறித்த கால வேலை' என்பதே சரி. நியமன ஆணையைக் கையில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடப் போகிற பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இந்த இரண்டு மொழிபெயர்ப்புகளுக்கும் இடையிலுள்ள தூரம் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க மொழியாசிரியனைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

ஆகவே, முதலாண்டுப் பொதுத்தமிழ் வகுப்பில் பெயரடை, ஆகுபெயர் நடத்தும் நாட்களில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த 480 நாள் பிரிவைத் தமிழில் எழுதிக் கொடுத்துப் படிக்கச் செய்யலாம் என்பது நம் பரிந்துரை. ஒரு பக்கம் போதும். நியமன ஆணை ஒன்றின் மாதிரியையும் உடன் வைக்கலாம். ஊதியச் சீட்டையும் வருங்கால வைப்புநிதி எண்ணையும் ஏன் பத்திரப்படுத்த வேண்டும் என்ற பேச்சு தானாகவே எழும். ஆங்கிலத் துறையினரும் சேர்ந்துகொண்டால் 'கேஷுவல்' என்பதையும் எடுத்துக்கொள்ளலாம். கேஷுவல் லீவுக்குத் 'தற்செயல் விடுப்பு' என்று எவரோ துல்லியமாகப் பெயரிட்டிருக்கிறார். கேஷுவல் தொழிலாளிக்குத் 'தற்செயல் தொழிலாளி' என்று வைக்க மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை.