பாட்டை ஈந்தவர் யாவர்?

ஒரு பாட்டு நாடெங்கும் பரவிப் புகழெய்துங்கால், அதனை முதலில் யாத்தவர் யாவரென வினவுவோர் மிகச் சிலரே. இறுதியிற் பாடியவர்க்கே புகழனைத்தையும் சூட்டுவது உலக வழக்கு. இவ்வழக்கு நேர்மையுடையதன்று என்பது நமது துணிபு. அமெரிக்க நாட்டு 'ஃபைவ் ராயல்ஸ்' குழுவினரின் வரலாறே இதற்குப் போதிய சான்றாகும்.

வட கரோலினா மாகாணத்திலே, புகையிலைத் தொழிலாற் பெயர்பெற்ற வின்ஸ்டன்-சேலம் இக்கறுப்பினப் பாடகர்களின் ஊர். முதலில் இவர்கள் 'ராயல் சன்ஸ்' என்னும் பெயருடன் பக்திப்பாடல்களைப் பாடி வந்தனர். பின்னர் 'ரிதம் அண்ட் புளூஸ்' என்னும் உலகியல் இசையை மேற்கொண்டனர். 1953ஆம் ஆண்டில் இவர்தம் இசைத்தட்டுக்கள் இரண்டு அவ்விசைக்குரிய விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றன. ஆனால் அவ்வரிசையோ கறுப்பின மக்கள் வாங்கும் தட்டுக்களுக்கென வேறாக வகுக்கப்பட்டது. 1949 வரை 'இனத்தட்டுக்கள்' என்றே அது பெயர் பெற்றிருந்தது. ஆதலின், ஆங்கு முதல்வராய் நின்றும், நாட்டினர் பலருக்கு இவர்கள் அறிமுகமாகவில்லை.

இக்குழுவின் உயிராய் விளங்கியவர் லோமன் பாலிங். பாடல்களிற் பெரும்பாலன அவர் இயற்றியவை. கிதார் வாசித்தவரும் அவரே. ரால்ஃப் பாஸ் என்பாருடன் சேர்ந்து அவர் இயற்றிய 'டெடிகேட்டட் டு த ஒன் ஐ லவ்' என்னும் பாட்டு, ஷிரெல்ஸ் குழுவினர் பாட, 1961இல் நாட்டின் பொது வரிசையில் மூன்றாம் இடம் எய்தியது. மாமாஸ் அண்ட் பாப்பாஸ் குழுவினர் பாட, 1967இல் இரண்டாம் இடம் எய்தியது. 'திங்க்' என்னும் பாட்டை 1960இல் ஜேம்ஸ் பிரவுன் பாடிப் புகழ் பெற்றார். பாலிங்கின் நிலையோ வேறு. குழு கலைந்தபின், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் யூதர் ஆலயமொன்றிலே துப்புரவுப் பணி செய்து வாழ்ந்த அவர், 1973இல் உயிர் நீத்தார். ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் இக்குழுவினர்க்கு இடமளித்தது 2015இலேதான்.

"பின்வந்தோர் மெருகிட்டமையாலன்றோ பாட்டு நிலைத்தது?" எனச் சிலர் வினவலாம். மெருகிட்டோர்க்கும் உரிய புகழுண்டு. அதனை நாம் மறுத்திலேம். ஆயின், பொன்னின்றி மெருகு யாண்டையது? ஒருவர் புகழைப் போற்றுதற்கு மற்றொருவர் பெயரை மறைத்தல் வேண்டுவதில்லை.

இசைத்தட்டின் நடுவே, பாட்டின் பெயருக்குக் கீழே, இயற்றியவர் பெயர் சிற்றெழுத்தில் அச்சிடப்பெற்றிருக்கும். அச்சிற்றெழுத்தைப் படித்தல் கேட்போர் கடன். அப்பெயரை அவையறியச் சொல்லுதல் பாடுவோர் கடன். கிதார்க் கலைஞர் ஸ்டீவ் கிராப்பர் 2011இல் இக்குழுவினர் பாடல்களையே தொகுத்துப் புதிதாக வெளியிட்டு, அவர்க்குத் தாம் பட்ட கடனை உலகறியச் செய்தார். அது பின்பற்றத்தக்க நெறி. இறந்தபின் எழுப்பும் மண்டபத்தினும், வாழுங்காலத்துச் சொல்லும் நன்றியே மேலானதென்பது நமது முடிபு.