ஓட்டமும் மிதிவண்டியும்

நெடுந்தொலைவு ஓடுவோனைக் கண்டு வியப்போர், நெடுந்தொலைவு மிதிவண்டி செலுத்துவோனை அத்துணை வியப்பதில்லை. "அமர்ந்துகொண்டு செல்வதில் அருமை யாது?" என்பது அவர்தம் கருத்து. அக்கருத்தில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை ஆராய்தல் வேண்டும்.

ஓடுவோன் ஒவ்வோர் அடியிலும் தன் உடலைத் தானே உந்தித் தானே தாங்குகின்றான். கால் நிலத்தில் படுந்தோறும் அவனது உடலெடையைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட விசை அதனைத் தாக்குகின்றது. மிதிவண்டியிலோ எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்குகின்றது. இறக்கத்தில் கால்கள் ஓய்ந்திருக்கவும் சக்கரங்கள் உருள்கின்றன. ஆதலின், சமநிலத்தில் மிதமான வேகத்தில் செல்லுங்கால், ஓடுவோன் ஒரு கிலோமீட்டருக்குச் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டி செலுத்துவோனுக்குப் போதும்.

ஆயினும், இவ்வெளிமைக்குப் பகைகள் இரண்டு உள. ஒன்று காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதனை வெல்ல வேண்டிய திறனோ எட்டு மடங்காகும். மெல்லச் செல்லும் ஓட்டக்காரன் இத்துன்பத்தைப் பெரிதும் அறியான். மற்றொன்று மேடு. அங்குத் தன் எடையோடு வண்டியின் எடையையும் ஏற்றுதல் வேண்டும்.

இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. கருவியால் கிடைத்த எளிமையை மனிதன் ஓய்வுக்குச் செலவிடுவதில்லை. தொலைவை நீட்டவே பயன்படுத்துகின்றான். மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். 2023-ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் கென்ய வீரர் கெல்வின் கிப்தும் அதனை 2 மணி 35 வினாடியில் ஓடி முடித்தார். பிரான்சு நாட்டில் 1891-ஆம் ஆண்டில் பாரிசிலிருந்து பிரெஸ்டு நகர் சென்று மீளும் மிதிவண்டிப் பந்தயம் நடைபெற்றது. அத்தொலைவு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். வென்ற சார்லஸ் டெரோன் அதனைக் கடக்க ஏறத்தாழ 71 மணி நேரம் ஆயிற்று. இத்தகைய பயணத்தில் கால்களின் களைப்போடு பசியும் உறக்கமும் இருக்கைப் புண்ணும் கைகளின் மரமரப்பும் சேர்ந்து வருத்தும்.

எனவே, தொலைவு ஒன்றாயின் ஓட்டமே அரிது எனலாம். தொலைவும் நேரமும் பாதையும் வேறுபடின் அம்முடிவும் வேறுபடும். பிறர் உழைப்பை அவர் அமர்ந்திருக்கும் தோற்றங்கொண்டு அளத்தல் முறையன்று. எதிர்காற்றில் வண்டியை மிதித்துப் பள்ளிக்கு வரும் மாணவன், இவ்வுண்மையைத் தன் கால்களாலேயே அறிந்திருப்பான்.