கோப்புகளில் ஊறும் வெள்ளம்

‘இயற்கையின் சீற்றம்’ என்ற சொற்றொடரைப் போல அதிகாரத்தில் இருப்போருக்குக் கைகொடுக்கும் சொற்றொடர் தமிழிலும் இல்லை, சிங்களத்திலும் இல்லை. இயற்கையின்மீது வழக்குத் தொடர முடியாது. அடுத்த தேர்தலில் அதனைத் தோற்கடிக்கவும் முடியாது. எனவேதான் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டைச் சிதைத்துச் சென்றபின் பழியெல்லாம் மழையின் தலையிலே சுமத்தப்பட்டது. 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 200க்கும் மேற்பட்டோர் கண்டி மாவட்டத்தினர். வேறெந்த மாவட்டமும் இத்தனை உயிர்களை இழக்கவில்லை. கம்பளையும் கெலிஓயாவும் பேராதனையும் நீரில் மூழ்கின.

புயலைத் தடுத்திருக்கலாம் என்று எந்த மூடனும் சொல்லமாட்டான். நாம் கேட்பது வேறு. அந்த நீர் வந்து தங்குவதற்கென்று முன்பிருந்த இடங்கள் எங்கே போயின? அவை போவதற்கு ஒப்பமிட்டவர் யார்?

கொழும்பிலிருந்து கடுகண்ணாவை மலையேறிக் கண்டிக்குச் செல்லும் பிரயாணிகள் பிலிமத்தலாவையை அதன் பித்தளைக் கடைகளால் அறிவர். குத்துவிளக்கின் பளபளப்பிலே கண்ணை வைத்தவர் கடைவரிசையின் பின்புறத்தைப் பார்ப்பதில்லை. பார்க்கவேண்டியது அங்கேதான் இருக்கிறது. இந்த மலைநாட்டின் நில அமைப்பு எளியது: மேட்டில் வீடும் தோட்டமும், பள்ளத்தில் வயலும் ஓடையும். வயல் நெல்லை மட்டுமா தருகிறது? மலையிலிருந்து ஒரே மூச்சில் இறங்கும் நீரை வரம்புகளுக்குள் ஏந்தி, ஆறவிட்டு, மெல்ல மெல்ல ஆற்றுக்கு அனுப்புவதும் அந்த வயலே. ஆனால் வீதியோர நிலத்தின் விலை ஏற ஏற, வயல் பலருடைய கண்ணை உறுத்தத் தொடங்குகிறது. மலைநாட்டு வீதியோரப் பட்டினங்களில் நடப்பது இதுதான்: குன்றை வெட்டி மண்ணெடுக்கிறார்கள், அந்த மண்ணை வயலிலே கொட்டிக் கட்டடம் எழுப்புகிறார்கள். ஒரே லொறி மண் இரண்டு ஆபத்துகளை உண்டாக்குகிறது. வெட்டிய இடத்தில் சரிவு. கொட்டிய இடத்தில் வெள்ளம்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். ஏராளமாக உண்டு. வயலை நிரப்புவதானால் 2000ஆம் ஆண்டுக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி பெறவேண்டும். மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் வீடு கட்டத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும். 2005ஆம் ஆண்டு அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் இருக்கிறது. குறை எங்கே? வயல் ஒரு திணைக்களத்துக்கு, சரிவு ஒரு நிறுவனத்துக்கு, ஆறு இன்னொன்றுக்கு, பெருவீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. கான் மட்டும் உள்ளூராட்சிச் சபைக்கு! கடுகண்ணாவை நகரசபையும் யட்டிநுவர, உடுநுவரப் பிரதேச சபைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. மேட்டுச் சபையின் ஒப்பம் பள்ளத்துச் சபையின் வெள்ளமாக இறங்குவதை எந்த எல்லைக்கல் தடுக்கும்? 2025 நவம்பர் 22ஆம் திகதி, புயலுக்குச் சில நாட்கள் முன்னரே, பகல கடுகண்ணாவையில் கடையொன்றின்மீது மலை சரிந்து 6 பேர் மாண்டனர். அந்த இடம் கேகாலை மாவட்டமாம். மலைக்கு மாவட்டம் தெரியுமா?

எச்சரிக்கை மாவட்டச் செயலாளர், பிரதேச செயலாளர், கிராம அலுவலர் என்ற உத்தியோகப் படிகளிலே இறங்குகிறது. ஜனங்கள் வாக்களித்து அமைத்த சபை அப்படிகளுக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறது. அந்தச் சபைகூடச் சில காலம் இல்லாமலே இருந்தது! 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் நடத்தப் பணமில்லையென்று அன்றைய அரசாங்கம் கையை விரித்தது. அது ஜனங்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6ஆம் திகதி. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டட அனுமதியைப் பற்றிக் கேள்வி கேட்க அச்சபைகளில் மக்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லை. புதிய உறுப்பினர்கள் ஆசனத்தில் அமர்ந்து ஆறு மாதம் நிரம்புமுன் புயல் வந்துவிட்டது.

இனித் தோட்டத் தொழிலாளரின் கதை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின்கீழ் அவர்கள் வாக்குப் போடலாம். ஆனால் அவர்களது லயத்துக்குப் போகும் பாதையையோ கானையோ திருத்தச் சபையின் பணத்தைத் தாராளமாகச் செலவிட வழியிருக்கவில்லை. தோட்டம் கம்பெனியின் எல்லை! 2018இல் சட்டம் திருத்தப்பட்டதே தவிர, முப்பது ஆண்டுகள் தூர்ந்த கான் திருத்தச் சட்டத்தால் தானே துப்புரவாகிவிடாது. பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி லயங்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. போவதற்கு நிலம் கொடாமல் ‘போ’ என்று சொல்வது எச்சரிக்கையா, அல்லது பிற்காலத்தில் காட்டுவதற்காகத் தயாரித்து வைத்த சாட்சியமா? டித்வா நாட்களிலும் எச்சரிக்கைகள் தமிழில் வரவில்லை, வந்தவையும் பிந்தியே வந்தன என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. பிலிமத்தலாவையிலுள்ள இறையியற் கல்லூரி 1963 முதல் சிங்களத்திலும் தமிழிலும் மறுமை பற்றிப் போதித்து வருகிறது. இம்மையின் ஆபத்தை இரு மொழிகளில் சொல்ல அரசாங்கத்துக்கு இன்னும் கூடவில்லை.

‘சபைகளிடம் பணமில்லை’ என்பார்கள். பாலம் கட்டப் பணம் வேண்டும், உண்மை. வயலை நிரப்ப வரும் விண்ணப்பத்தை மறுப்பதற்கு எவ்வளவு பணம் வேண்டும்? இந்நாட்டின் கரையோரத்தை 1796 வரை ஆண்ட ஒல்லாந்தர் கோட்டைகளையும் ரோமன் டச்சுச் சட்டத்தையும் நமக்கு விட்டுச் சென்றார்கள். தங்கள் ஊரில் வைத்திருந்த நல்ல ஏற்பாட்டை மட்டும் கொண்டுவரவில்லை. அங்கே பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தோன்றிய நீர்ச் சபைகள் இன்றும் இயங்குகின்றன. ஊரார் வாக்களிக்கிறார்கள், சபை தனி வரி வாங்குகிறது, கரை உடைந்தால் பதில் சொல்லவேண்டியவர் யாரென்று குழந்தைக்கும் தெரியும். நம்மூரிலோ பதில் சொல்லவேண்டியவரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த பருவமழை வந்துவிடுகிறது.

கண்டி மாவட்டத்துக்கு மண்சரிவு அபாய வரைபடம் இருக்கிறது. 10,000க்கு ஒன்று என்ற அளவிலே விரிவாகவும் வரைந்திருக்கிறார்கள். அதை அலமாரியிலிருந்து எடுத்து, நிரப்பப்பட்ட வயல்களையும் மறைந்த ஓடைகளையும் குறித்து, சிங்களத்திலும் தமிழிலும் ஊர்ப்பெயர் எழுதி, ஒவ்வொரு சபை மண்டபத்தின் சுவரிலும் தொங்கவிடுங்கள். தோட்டத்து லயங்களும் அதில் இருக்கட்டும். அனுமதி கேட்பவர் அதன்முன் நின்று கேட்கட்டும். ஒப்பமிடுபவரும், ஊரார் பார்த்திருக்க, அதன்முன் நின்றே ஒப்பமிடட்டும்.