சுவடி பிழைத்தால் கணிப்பொறி என்செய்யும்?

கெடாரில் எங்கள் வீட்டுக் கொல்லை வேலியில் ஆடாதோடை தழைத்து நின்றது. பிள்ளைகளுக்கு இருமல் என்றால் பாட்டியார் அதன் இலையைக் கொதிக்கவைத்துத் தேன் கலந்து தருவார். அவ்விலையில் உள்ள வாசிசின் என்னும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற மேனாட்டு மருந்து ஆக்கப்பட்டது என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன். பாட்டியார் அறிந்திருந்தாலும் பெரிதாக வியந்திருக்க மாட்டார்.

2020ஆம் ஆண்டில் நுரையீரலைத் தாக்கும் கொரோனா நோய் உலகைக் கலக்கியபோது, நம் தெருக்களில் கபசுரக் குடிநீர் வழங்கினர். சீனத்தில் 21 சரக்குகள் சேர்ந்த ‘சிங்ஃபெய் பைடு’ கசாயத்தை வழங்கினர். இரண்டையுமே அறிஞர்கள் கணிப்பொறியில் இட்டு ஆராய்ந்தனர். கிருமியின் புரதம் ஒரு பூட்டு. மூலிகையின் மூலக்கூறுகள் சாவிகள். எந்தச் சாவி பொருந்தக்கூடும் என்று கணிப்பொறி மதிப்பிடுகிறது. அம்மூலக்கூறு குடலில் செரித்துக் குருதியில் கலந்து நுரையீரலை எவ்வளவு சென்றடையும் என்பதை அம்மதிப்பீடு சொல்வதில்லை. ஆதலின் கணிப்பு வேறு, குணம் வேறு. இதனை மறந்து, ‘சித்த மருந்தை விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டது’ என்று மேடையில் முழங்குவது நம் மரபுக்கே இழுக்காகும்.

எனினும் தமிழாசிரியனாகிய என் கவலை வேறு. கணிப்பொறிக்கு மூலக்கூறு தெரியும், பெயர் தெரியாது. எந்தச் செடி என்று நாம் சொல்கிறோமோ அந்தச் செடியையே அது ஆராயும். கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளுள் ஒன்று கோட்டம். ஆய்வுக் கட்டுரைகளுள் சில, இமயமலைப் பகுதியில் விளையும் சசூரியாவை அப்பெயரால் குறிக்கின்றன. சில, காஸ்டஸ் என்னும் முற்றிலும் வேறான செடியைக் குறிக்கின்றன. பண்டை ஐரோப்பியர் காஸ்டஸ் என்றழைத்த நறுமண வேர் முன்னதே. பிற்காலத் தாவரவியலார் அப்பெயரை வேறொரு செடியினத்துக்குச் சூட்டிவிட்டனர். பிழையான செடியைக் கொடுத்தாலும் கணக்கு மட்டும் பிழையின்றி வரும். அதுதான் அச்சந்தருவது.

பெயர்க் குழப்பம் வெறும் புலவர் வழக்கன்று. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடல் இளைக்கச் சீன மூலிகை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் அழிந்தது. ‘ஃபாங்ஜி’ என்ற பெயரில் இரு செடிகள் வழங்கிவந்தமையால், ஸ்டெபானியாவுக்கு மாறாக நச்சுத்தன்மை வாய்ந்த அரிஸ்டோலோகியா கலந்துவிட்டது. ஒரு பெயரின் விலை அது! இதற்கு மறுதலையான சான்றும் சீனத்திலேயே உண்டு. நான்காம் நூற்றாண்டின் கே ஹொங் எழுதிய மருத்துவ நூலைக் கூர்ந்து வாசித்த து யூயூ அம்மையார், மூலிகையைக் கொதிக்கவைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருப்பதைக் கண்டார். குறைந்த வெப்பத்தில் சாரம் எடுத்தார். மலேரியாவுக்கு ஆர்டிமிசினின் கிடைத்தது. 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது. மூல நூலை ஊன்றி வாசித்ததன் பயன் அது.

நம் ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றும். இவற்றைப் பிரித்தறிய வல்லவர் வேதியியல் துறையில் இல்லை; தமிழ்த்துறையில் இருக்கவேண்டும். சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தார் 2018இல் வெளியிட்டு 2022இல் விரிவாக்கிய ‘இம்பாட்’ தரவுத்தொகுப்பில் 4010 இந்திய மூலிகைகள் இடம்பெற்றுள்ளன. அரும்பணி அது. அதன் பக்கத்தில் வைக்கத்தக்க, பாடபேதங்களுடன் கூடிய தமிழ் மூலிகைப் பெயரகராதியை நாம் செய்தோமா? காப்பியத்துக்கு ஆயிரம் கட்டுரை எழுதிய நாம் மருத்துவச் சுவடியை ‘இலக்கியமன்று’ என்று ஒதுக்கினோம்.

நம் கல்லூரிக்கு இதில் தனியுரிமை உண்டு. இராமதேவச் சித்தர் மக்கா சென்று யாக்கோபு எனப் பெயர் பெற்றார் என்பது மரபு. அவர் பெயரால் மருத்துவப் பாடல்கள் வழங்குகின்றன. அக்குடிநீரிலுள்ள அக்கரகாரம் என்ற பெயரும் ‘ஆகிர் கர்ஹா’ என்னும் அரபுச் சொல்லின் திரிபே.

மாணவர்களே, பதினைந்து சரக்குக்குப் பதினைந்து பேர் போதும். ஆளுக்கொரு பெயரை எடுத்துப் பழம்பதிப்புகளையும் சுவடிகளையும் ஒப்பிட்டு, தாவரவியல் துறையாரிடம் செடியைக் காட்டிக் கேட்டு எழுதுங்கள். அக்கரகாரத்தை எடுப்பவர் அரபுத் துறைக்கும் சென்றுவரட்டும். கோட்டத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.