தேர்தல் ஆதரவும் வேட்பாளரின் குறைகளும்: செயற்குழுவின் நிலைப்பாடு

வேட்பாளர்களுக்கு இவ்வமைப்பு வெளிப்படையாக ஆதரவு அறிவிக்க வேண்டுமா என்ற கேள்வி அண்மைய பொதுக்கூட்டத்தில் கடும் கருத்து வேறுபாட்டை எழுப்பியதைத் தொடர்ந்து, செயற்குழு பின்வரும் முடிவை எடுத்துள்ளது. ஆஸ்திரேலியாவின் விக்டோரிய மாநிலத் தேர்தலாயினும் இலங்கைத் தேர்தலாயினும், கேரம் டவுன்ஸ் வட்டாரத் தமிழரின் பெயரால் எந்த வேட்பாளருக்கும் ஆதரவு அறிவிக்கப்படமாட்டாது. வேட்பாளர்களின் கடந்தகாலச் செயல்களும் எழுத்துமூல வாக்குறுதிகளும் மட்டுமே உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கப்படும். முடிவு ஏகமனதானதன்று எனினும் பெரும்பான்மையினர் இதற்கு இணங்கினர்.

குறையுள்ள ஒருவரைச் சகித்துக்கொண்டு வாக்களிப்பது வாக்காளரின் உரிமை. அச்சகிப்பை அவரைக் கேளாமலே அவர் சார்பில் அறிவிப்பது எவருடைய உரிமையுமன்று. 2010 ஜனவரியில், இலங்கை ஜனாதிபதித் தேர்தலின்போது, போர் முடிந்து எட்டு மாதங்களே கழிந்து, முகாம்களிலிருந்து மக்கள் முழுமையாக விடுவிக்கப்படாத நிலையில், அப்போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கு வாக்களிக்குமாறு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு கேட்டது. அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவை அகற்ற வேறு வழியில்லை என்ற வாதத்தைச் செயற்குழு முற்றாக நிராகரிக்கவில்லை. ஆனால், பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரிடம் பொன்சேகாவின் அன்னச் சின்னத்துக்குப் புள்ளடியிடக் கேட்டவர்கள், அவரிடமிருந்து எதை எழுத்தில் பெற்றார்கள், அவர் பொறுப்புக்கூற வேண்டியவை எவை என்பவற்றையும் அதே மூச்சில் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் சொல்லவில்லை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே வாக்களித்ததும், வாக்களித்தோரில் பெரும்பான்மையினர் பொன்சேகாவையே தெரிவுசெய்ததும் ஒருங்கே நினைவுகூரத்தக்கவை. அந்த வாக்கு மன்னிப்பன்று, அதை மன்னிப்பாகக் காட்டுவது அம்மக்களை அவமதிப்பதாகும்.

2015 ஜனாதிபதித் தேர்தலில் அதே அன்னச் சின்னத்தில் போட்டியிட்ட, போரின் இறுதி நாட்களில் பதில் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மைத்திரிபால சிறிசேனவைக் கூட்டமைப்பு ஆதரித்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் தெருவோரத்தில் அமர்ந்திருக்க, அவர் 2018 அக்டோபர் 26 அன்று ராஜபக்சவையே பிரதமராக்கினார். ஆதரவு கேட்டவர்கள் அதற்குக் கணக்குக் கொடுத்தார்களா? 2024இல் இலங்கைத் தமிழரசுக் கட்சி சஜித் பிரேமதாசவை ஆதரித்தபோது, அக்கட்சியைச் சேர்ந்த பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்று 2,26,343 வாக்குகள் பெற்றார். கட்சி அறிவித்துவிட்டால் மக்கள் பின்தொடர்வர் என்ற எண்ணம் அங்கேயே உடைந்தது.

ஆஸ்திரேலியாவில் நடைமுறையிலிருப்பது விருப்பு வரிசை வாக்குமுறை. அதாவது வாக்காளர் நாடாளுமன்றக் கீழவைக்கு நிற்கும் எல்லா வேட்பாளருக்கும் தம் விருப்பப்படி எண்ணிடுகிறார். யாருடைய குறை எவ்வளவு பொறுக்கத்தக்கது என்பதை அந்த எண்களாலேயே அவர் தீர்ப்பதால், அத்தீர்ப்பை அமைப்பு முன்கூட்டியே எழுதித்தரத் தேவையில்லை. கோவில் வளாகமும் தமிழ்ப் பள்ளி நிகழ்வுகளும் பரப்புரைக்குப் பயன்படுத்தப்படலாகாது. கட்சியையோ வேட்பாளரையோ ஆதரிப்பதை நோக்கமாகக் கொண்ட அமைப்பு அறநிறுவனமாக இருக்கமுடியாதெனக் கூட்டாட்சிச் சட்டம் விதிப்பதும் கருத்திற்கொள்ளப்பட்டது. உறுப்பினர் தம் சொந்தப் பெயரில் எவருக்கும் ஆதரவு திரட்டுவதற்குத் தடையில்லை.

தாயகத் தமிழ்க் கட்சிகளிடம் செயற்குழு வலியுறுத்துவது இதுவே: ஒருவருக்கு வாக்களிக்கக் கேட்கும் அறிக்கையிலேயே அவருடைய குறைகளும் ஆதரவுக்கான நிபந்தனைகளும் இடம்பெற வேண்டும், தேர்தலுக்குப் பின் ஓராண்டுக்குள் அவற்றில் எவை நிறைவேறின என்பது மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். இதற்கு ஆயத்தமில்லாத எக்கட்சியின் ஆதரவு அறிவிப்பையும் இவ்வமைப்பு இனி உறுப்பினர்களுக்கு அனுப்பிவைக்காது.