பேடல் களத்தின் வாடகை: நாம் எதற்குப் பணம் தருகிறோம்?

பெங்களூரு, மும்பை, குருகிராம் போன்ற நகரங்களில் கண்ணாடிச் சுவர் சூழ்ந்த பேடல் களங்கள் பெருகி வருகின்றன. அவற்றின் மணிநேர வாடகையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு பதில் தவறாமல் வருகிறது: "நால்வர் பகிர்ந்துகொண்டால் பெரிய தொகை இல்லையே." இந்த வாதத்தைச் சற்று நிதானமாக ஆராய வேண்டும்.

ஒரு மணிநேரத்துக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 500. வாரம் இருமுறை ஆடினால் நான்கு வாரங்களில் 4,000. நெட் உதவித்தொகையின்றி நடுவண் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர் மாதந்தோறும் பெறுவது 8,000 ரூபாய். அதில் சரிபாதி இந்த ஆட்டத்துக்கே போய்விடும். இளநிலை ஆய்வு உதவித்தொகையாக 37,000 ரூபாய் பெறுபவருக்கும் அது பத்தில் ஒரு பங்குக்கு மேல்.

பகிர்வு என்பதும் சொல்லுமளவுக்கு எளிதன்று. செயலியில் முன்பதிவு செய்பவரே பெரும்பாலும் முழுத் தொகையையும் முதலில் கட்டுகிறார். ஒருவர் வராமற்போனால் அவர் பங்கு மற்ற மூவர்மேல் விழுகிறது. மாலையிலும் வார இறுதியிலும் கட்டணம் கூடுகிறது; வகுப்பும் ஆய்வகமும் நடக்கும் பகல் வேளையில் குறைகிறது. மாணவருக்கு ஓய்வு கிடைக்கும் நேரமே அவருக்குக் கட்டுப்படியாகாத நேரமாகவும் அமைந்துவிடுகிறது.

தனியார் நிலத்தில் தம் முதலீட்டில் களம் அமைப்போரை நான் குறைகூறவில்லை. கண்ணாடி, செயற்கைப் புல்தரை, விளக்குகள், பணியாளர் ஊதியம், நிலவாடகை ஆகிய அனைத்தையும் அவர்கள் கட்டணத்திலிருந்தே மீட்டாக வேண்டும். என் கேள்வி பொது நிலத்தைப் பற்றியது.

பேடல் களத்தின் அளவு 20 மீட்டருக்கு 10 மீட்டர். அதாவது 200 சதுர மீட்டர். சுற்றிலும் விடவேண்டிய வெளியையும் சேர்த்தால் ஒரு டென்னிஸ் களத்துக்கு ஏறத்தாழ 670 சதுர மீட்டர் தேவை. பரப்பளவை மட்டும் பார்த்தால் அது மூன்று பேடல் களங்களின் பரப்புக்கும் மேல்; மூன்று களங்களில் ஒரே நேரத்தில் பன்னிருவரிடம் கட்டணம் பெறலாம். மாநகராட்சித் திடல்களையும் கல்வி வளாகங்களையும் குத்தகைக்கு விடத் தூண்டும் கணக்கு இதுவே. அதிகக் குத்தகைத் தொகை தருபவருக்கே நிலம் என்று ஒப்பந்தப்புள்ளி கோரினால், அத்தொகை முழுவதும் ஆடுவோர் தலையில்தான் இறங்கும். மக்களுக்கு உரிய நிலத்துக்கு மக்களே மணிக்கணக்கில் வாடகை தரும் நிலை இது.

"இது செல்வர் ஆட்டம்; உங்களுக்கு இறகுப்பந்து போதாதா?" என்று சிலர் கேட்கலாம். பேடல் 1969இல் மெக்சிகோவின் அகபுல்கோவில் என்ரிக்கே கொர்குவேரா என்ற செல்வந்தரின் இல்லத்தில் பிறந்தது உண்மை. ஸ்பெயினுக்குள் அது 1974இல் நுழைந்ததும் மார்பெல்யாவின் சொகுசு விடுதி வழியாகத்தான். ஆயினும் இன்று அந்நாட்டின் நகராட்சி விளையாட்டு மையங்கள் பலவற்றில் பேடல் களங்கள் உள்ளன. அங்கே கட்டணத்தை நகராட்சி நிர்ணயிக்கிறது. இளையோருக்கும் முதியோருக்கும் சலுகை உண்டு. ஓர் ஆட்டம் யாருக்கு உரியது என்பதை அதன் பிறப்பிடம் முடிவு செய்வதில்லை. களத்தை யார், எந்த நிபந்தனையில் நடத்துகிறார்கள் என்பதே முடிவு செய்கிறது.

எனவே, உங்கள் வளாகத்தில் இத்தகைய திட்டம் முன்வைக்கப்பட்டால் மூன்று நிபந்தனைகளை வலியுறுத்துங்கள். அதிகக் குத்தகை தருபவருக்கன்றி, குறைந்த கட்டணத்தில் நடத்த முன்வருபவருக்கே அனுமதி தரவேண்டும். மாலை நேரத்தின் ஒரு பகுதி மாணவருக்குக் கட்டணமின்றி ஒதுக்கப்பட வேண்டும். முழுக் களத்தையும் எடுக்க இயலாதவர் தம் ஓர் இடத்துக்கு மட்டும் பணம் கட்டிப் பதிவுசெய்ய வழி இருக்க வேண்டும்.

இவற்றை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே எழுத்தில் பெறவேண்டும். கண்ணாடிச் சுவர் எழுந்தபின் கேட்டால், குத்தகைக் காலம் முடியும்வரை காத்திருங்கள் என்பதே விடையாக வரும்.